மாமாட கல்லும் யூரோலொஜி ஆராய்ச்சியும்

போன மாசம் கொட்டாஞ்சேனையில மாமா வீட்டுக்குப் போனன். டீ வாறதுக்கு முதலே மாமா ஒரு பழைய சித்தாலேப டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டுறார். உள்ளுக்குப் பஞ்சு, பஞ்சுக்கு நடுவில ஒரு கல்லு. மிளகு அளவு இருக்கும், மண் கலர், கிட்டப் பார்த்தா பலாப்பழத் தோல் மாதிரி முள்ளு முள்ளா. அவர்ட கிட்னியில இருந்து வந்தது. ரெண்டு கிழமை விலாவைப் பிடிச்சுக்கொண்டு சுருண்டு கிடந்த மனுசன், இப்ப அதை என்னமோ இரத்தினபுரிக் கல்லு மாதிரி வாறவை போறவைக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரியுறார்.

"பொல்பலா மூலிகை அவிச்ச தண்ணி தான் பிள்ளை, வேற ஒண்டுமில்ல. விடிய ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை, பன்னெண்டாம் நாள் டக்கெண்டு விழுந்திட்டுது."

குசினிக்குள்ள இருந்து மாமி, "டொக்டர் தந்த குளிசையும் போட்டனீங்கள் தானே, அதையும் சொல்லுங்கோவன்." மச்சாள் ஃபோனில இருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா அந்த ரெண்டு கிழமையும் தான் ஒழுங்காத் தண்ணி குடிச்சவர், அதால தான்."

நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒண்டுமே குடிக்காட்டியும் வந்திருக்கும் போல மாமா" எண்டன். டீ வர நல்லா நேரமாயிட்டுது.

நான் டொக்டர் இல்ல. ஹெல்த் டேட்டாவை எக்ஸெல்லில போட்டு, பிழை பார்த்து, கணக்குப் பண்ணிக் குடுக்கிறது தான் என்ட வேலை, பதினொரு வருசமாச் செய்யுறன். அதால அண்டைக்கு அந்த வீட்டில நடந்த சண்டை எனக்கு நல்லாப் பழக்கமான சண்டை. பொல்பலாவா, குளிசையா, தண்ணியா, இல்லாட்டி சும்மாவா? கிளினிக்கல் ரிசேர்ச் எண்டு பெரிசாச் சொல்லுறது இந்தக் கேள்விக்கு நேர்மையா ஒரு பதில் எடுக்கிற வேலையைத் தான். யூரோலொஜியில அது எப்பிடி நடக்குது எண்டு எனக்கு விளங்கின அளவில எழுதுறன்.

முதல்ல யூரோலொஜி எண்டா என்ன எண்டதில கனபேருக்குக் குழப்பம். கிட்னியில இருந்து சலம் இறங்கி வாற குழாய், சலப்பை, ஆம்பிளையளுக்கு இருக்கிற புரொஸ்டேட், இந்தப் பாதையில வாற அடைப்பு, கல்லு, கட்டி, கேன்சர் எல்லாம் பார்க்கிற சத்திரசிகிச்சைப் பிரிவு அது. கிட்னி வடிகட்டுற வேலையே பழுதாப் போனா, டயாலிசிஸ் தேவைப்பட்டா, அது நெஃப்ரொலொஜி. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கமக்கார ஆக்களுக்கு வாற, காரணம் சரியாப் பிடிபடாத அந்தக் கிட்னி வருத்தம் இருக்குத் தானே, அது நெஃப்ரொலொஜிக்காரர் பார்க்கிறது. மாமாட கல்லு யூரோலொஜிக்காரர் பார்க்கிறது.

சரி, கல்லுக்கு வருவம். கிட்னியில இருந்து இறங்கி, சலப்பைக்கு வாற குழாயில மாட்டின சின்னக் கல்லு அனேகமாத் தானாவே வெளியில வந்திடும். ஒரு நாலு மில்லிமீட்டர் கல்லு எண்டா நல்ல சான்ஸ் இருக்கு. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, தானாவே போகப்போற ஒரு சாமானுக்கு நீங்க எதைக் குடுத்தாலும், பொல்பலாவோ வாழைத்தண்டோ பியரோ, அது வேலை செஞ்ச மாதிரித் தான் தெரியும். மாமா பொய் சொல்லேல்ல. குடிச்சவர், போனது. ஆனா குடிக்காட்டி என்ன நடந்திருக்கும் எண்டதை அவரால பார்க்க ஏலாது, ஏனெண்டா அவர் ஒரு ஆள் தான், ஒரு கல்லு தான்.

அதுக்குத் தான் ரெண்டு குரூப் வேணும். ஒரு குரூப்புக்கு மருந்து, மற்றதுக்குப் பிளசீபோ, அதாவது பார்க்க அச்சொட்டா அதே மாதிரி, உள்ளுக்கு மருந்து இல்லாத குளிசை. யாருக்கு எது எண்டு டொக்டர் தெரிவு செய்யக்கூடாது, ஏனெண்டா டொக்டரும் மனுசர் தானே, நோவில துடிக்கிற ஆளைப் பார்த்தா மருந்தைக் குடுக்கத் தான் மனம் வரும், அப்ப மருந்து குரூப்பில முழுக்கக் கஷ்டமான கேஸுகளாச் சேர்ந்து, மருந்து நல்லதா இருந்தாலும் கூடாத மாதிரித் தெரியும். அதால குலுக்கல், கொம்பியூட்டர் போடுற டொஸ். குடுக்கிறவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் தெரியாது. ரெண்டு கண்ணையும் கட்டிப்போட்ட மாதிரி, அதால தான் அதை டபுள் பிளைண்ட் எண்டுறவை.

மாமி சொன்ன அந்தக் குளிசையின்ட கதை இதுக்கு நல்ல உதாரணம். அதின்ட பேர் டாம்சுலோசின். உண்மையில அது புரொஸ்டேட் வீக்கத்துக்குக் குடுக்கிற மருந்து. தசையைக் கொஞ்சம் தளர்த்தும், அப்ப சலக்குழாயின்ட கீழ்ப்பக்கமும் தளர்ந்து கல்லு வழுக்கி வந்திடும் எண்ட யோசனையில கல்லுக்காரருக்கும் குடுக்கத் தொடங்கினவை. 2000க்குப் பிறகு நிறையச் சின்னச் சின்ன ஆராய்ச்சி வந்தது, ஒவ்வொண்டிலயும் கொஞ்சப் பேர் தான், அனேகமா எல்லாம் "நல்லா வேலை செய்யுது" எண்டு சொன்னது. அதெல்லாத்தையும் கூட்டிக் கணக்குப் போட்ட பேப்பர்களும் ஓம் எண்டது, உலகம் முழுக்க எழுதத் தொடங்கிட்டினம்.

பிறகு 2015இல லான்செட் சஞ்சிகையில ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது, பேர் சஸ்பெண்ட். பிரித்தானியாவில 24 ஹொஸ்பிட்டல், 1,167 பேர், பத்து மில்லிமீட்டருக்கு உள்ள கல்லு. ஒரு குரூப்புக்கு டாம்சுலோசின், ஒண்டுக்கு நிஃபெடிபின் எண்டுற வேற மருந்து, மூண்டாவதுக்குப் பிளசீபோ. நாலு கிழமைக்குள்ள வேற சிகிச்சை ஒண்டும் தேவைப்படாம இருந்தவை டாம்சுலோசினில 81 வீதம், நிஃபெடிபினில 80 வீதம். பிளசீபோவில? 80 வீதம்.

இதை முதல்தரம் வாசிக்கேக்க நான் அந்த நம்பர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன், டைப் பண்ணேக்க பிழை விட்டிட்டினமோ எண்டு. இல்ல. சும்மா விட்டாலே நூறில எண்பது பேருக்கு வேற ஒண்டும் தேவைப்படேல்ல. இந்த எண்பது பேரும் பொல்பலா குடிச்சிருந்தா எண்பது டப்பாவும் எண்பது கதையும் இருந்திருக்கும்.

81க்கும் 80க்கும் ஒண்டு வித்தியாசம் இருக்கே எண்டு கேட்பீங்கள். கிரிக்கெட் டொஸ்ஸை நினையுங்கோ. ஒரு கேப்டன் அஞ்சு மட்ச்சில நாலு டொஸ் வெண்டா அவர் கெட்டிக்காரர் எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம், அதிர்ஷ்டம் எண்டு தான் சொல்லுவினம். ஆயிரம் டொஸ்ஸில எண்ணூறு வெண்டா காசைத் திருப்பிப் பார்க்க வேண்டி வரும். ஒரு வித்தியாசம் அதிர்ஷ்டத்தால மட்டும் வரக்கூடியதா இல்லையா எண்டு அளக்கிறது தான் இந்தப் பேப்பர்களில வாற பி வேல்யூ எல்லாம். அதுக்கு மேல அதைப் போட்டுக் குழப்பத் தேவையில்ல.

அப்ப முந்தி வந்த அந்தச் சின்ன ஆராய்ச்சியெல்லாம் ஏன் ஓம் ஓம் எண்டது? ஒரு காரணம், கனதுல பிளசீபோவோ கண்கட்டோ ஒழுங்கா இல்ல. அடுத்தது தான் எனக்குக் கோவம் வாற காரணம். "ஒண்டும் நடக்கேல்ல" எண்டு முடிவு வந்த ஆராய்ச்சியை ஆரும் எழுதி அனுப்புறது குறைவு, அனுப்பினாலும் போடுறது குறைவு, அது லாச்சிக்குள்ள கிடக்கும். வேலை செஞ்சது மட்டும் வெளியில வரும். கல்லு போன ஆக்கள் மட்டும் டப்பாவைக் கொண்டு திரியுற மாதிரி. போகாத ஆக்கள் ஒப்பரேஷன் செஞ்சிட்டு வீட்டில இருக்கினம், அவையிட்டக் காட்ட ஒண்டுமில்ல.

இதைத் தடுக்கத் தான் ஒரு ட்ரையலை, அதாவது இப்பிடிக் குரூப் பிரிச்சுச் செய்யுற சோதனையை, தொடங்க முதலே, இன்னாருக்கு இன்ன மருந்து, கடைசியில இதைத் தான் எண்ணப்போறம் எண்டு பகிரங்கமாப் பதிஞ்சு வைக்கச் சொல்லுறது. 2005இல இருந்து பெரிய மருத்துவ சஞ்சிகைகள் பதியாத ட்ரையலைப் போட மாட்டம் எண்டு நிண்டிட்டினம். எங்களிட்டயும் இருக்கு, இலங்கை கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி, 2006இல தொடங்கினது, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துறது, உலக சுகாதார நிறுவனத்தின்ட வலையமைப்பில உள்ளது. ஒன்லைனில ஆரும் போய்ப் பார்க்கலாம். அந்தச் சங்கத்தின்ட கட்டடம் இருக்கிற விஜேராம மாவத்தையால பஸ்ஸில போற எத்தனை பேருக்கு அது தெரியும் எண்டு நான் யோசிக்கிறனான்.

கதை அங்க முடியேல்ல. 2018இல அமெரிக்காவில 512 பேரில செஞ்ச ஒரு ட்ரையல், ஒம்பது மில்லிமீட்டருக்குக் குறைவான கல்லு. டாம்சுலோசின் குடிச்சவையில கல்லு போனது கிட்டத்தட்ட 50 வீதம், பிளசீபோவில 47. திரும்பவும் பெரிய வித்தியாசமில்ல. ஆனா நில்லுங்கோ, பிரித்தானியாவில 80, அமெரிக்காவில 50? அமெரிக்கக் கல்லு பாரமா? இல்ல. பிரித்தானியாவில எண்ணினது "வேற சிகிச்சை தேவைப்பட்டதா" எண்டு. அமெரிக்காவில எண்ணினது "கல்லு வெளியில வந்ததைக் கண்ணால கண்டீங்களா, பிடிச்சீங்களா" எண்டு. சலம் போகேக்க வடிகட்டியால பிடிச்சுப் பார்க்கச் சொன்னாலும் எல்லாரும் மாமா மாதிரிக் கவனமாப் பிடிக்க மாட்டினம் தானே. ஒரே வருத்தம், ஒரே குளிசை, எதை எண்ணுறம் எண்டதை மாத்தினாலே நம்பர் தலைகீழா மாறும். ஆராய்ச்சி எண்டு ஒண்டைப் பேப்பரில பார்த்தா நான் முதல்ல தேடுறது இதைத் தான், எதோட ஒப்பிட்டவை, எதை எண்ணினவை. முடிவைப் பிறகு பார்க்கலாம்.

அதே 2018இல சீனாவிலயும் ஒண்டு வந்தது, 3,296 பேர், எல்லாருக்கும் குழாயின்ட கீழ்ப்பக்கத்தில, நாலுக்கும் ஏழுக்கும் இடையில மில்லிமீட்டர். அங்க டாம்சுலோசின் 86 வீதம், பிளசீபோ 79. வித்தியாசம் முக்கியமா அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல உள்ள கல்லில தான். அப்ப மருந்து பொய்யும் இல்ல, எல்லாருக்கும் சரியும் இல்ல. அஞ்சுக்குக் கீழ இருந்தா தானாப் போகப்போறதுக்கு மருந்து என்னத்தைச் செய்யும், கொஞ்சம் பெரிசா, கீழ வந்து நிக்கிறதுக்கு ஒரு தள்ளு உதவலாம். மாமாட ஸ்கேன் ரிப்போர்ட்டில 4.2 எண்டு இருந்தது. மாமிக்கு நான் இதைச் சொல்லேல்ல.

மச்சாள்ட தண்ணிக் கதைக்கு வருவம், அவள் பாதி சரி. மாட்டின கல்லைத் தண்ணி தள்ளி விடும் எண்டதுக்கு நல்ல ஆதாரம் இல்ல, ஆனா திரும்ப வராம இருக்கத் தண்ணி உதவும் எண்டதுக்கு இருக்கு. இத்தாலியில 1996இல வெளியிட்ட ட்ரையல், முதல்தரம் கல்லு வந்த 199 பேரைக் குலுக்கிப் பிரிச்சு, ஒரு பாதிக்கு நாளைக்கு ரெண்டு லீட்டர் சலமாவது போற அளவுக்குத் தண்ணி குடியுங்கோ எண்டு சொல்லி, மற்றப் பாதியை வழக்கம் போல விட்டிட்டு, அஞ்சு வருசம் பின்தொடர்ந்தவை. தண்ணி குடிச்சவையில 12 வீதத்துக்குத் திரும்பக் கல்லு வந்தது, மற்றவையில 27. கவனிச்சீங்களா, ரெண்டு லீட்டர் எண்டது குடிக்கிற கணக்கு இல்ல, போற கணக்கு. கொழும்பு வெயிலில, அதுவும் ஏப்ரல் மாசம் பெட்டாவில நிண்டு சாமான் இறக்குற ஆளுக்கு ரெண்டு லீட்டர் குடிச்சா பாதி வேர்வையாப் போயிடும்.

இந்த ட்ரையலில கண்ணைக் கட்ட ஏலாது, தண்ணிக்குப் பிளசீபோ இல்லைத் தானே. அதால அது குப்பை எண்டு இல்ல, ஆனா அந்த ஓட்டை இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு வாசிக்க வேணும்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்டு சொல்ல வேணும். கல்லு திரும்ப வராம இருக்கத் தயசைட் எண்டுற குளிசையைப் பல பத்து வருசமாக் குடுத்துக்கொண்டு வந்தவை. 2023இல சுவிட்சர்லாந்தில இருந்து வந்த நொஸ்டோன் ட்ரையல், 416 பேர், பிளசீபோவும் மூண்டு வேற வேற அளவு மருந்தும். திரும்பக் கல்லு வந்தது பிளசீபோவில 59 வீதம், மருந்தில 59, 56, 49. அளவு கூட்டினா நல்லம் எண்டு உறுதியாச் சொல்ல ஏலாத மாதிரி முடிவு, பக்க விளைவு வேற. பெரிய டொக்டர்மார் எல்லாம் நம்பி எழுதின மருந்து. அந்தத் துறை ஆக்களே அதைச் சோதிச்சுப் பார்த்துத் தங்களுக்கு எதிரான முடிவைப் போட்டவை எண்டது எனக்குப் பிடிச்ச விசயம்.

இவ்வளவு நேரமும் கல்லு. கல்லை எண்ணலாம். கண்ணால காண ஏலாத சாமானை எப்பிடி எண்ணுறது? இதில தான் எங்கட அப்பா வாறார்.

அப்பாவுக்கு 71. புரொஸ்டேட் பிரச்சினைக்கு ஒரு ஹொஸ்பிட்டல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு ஃபோர்ம் தருவினம், உலகம் முழுக்கப் பாவிக்கிற புள்ளிமுறை. ஏழு கேள்வி, போன ஒரு மாசத்தைப் பற்றி, ஒவ்வொண்டுக்கும் பூச்சியத்தில இருந்து அஞ்சு வரை, மொத்தம் 35. ஏழுக்குள்ள எண்டா லேசு, எட்டில இருந்து 19 வரை நடுத்தரம், 20இல இருந்து கடுமை. கடைசியா ஒரு கேள்வி, வாழ்நாள் முழுக்க இப்பிடியே இருந்தா உங்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு. 1992இல அமெரிக்காவில உருவாக்கினது, புரொஸ்டேட் மருந்து ஆராய்ச்சி அனேகமா எல்லாத்திலயும் எண்ணுறது இந்தப் புள்ளியைத் தான்.

எங்களுக்குத் தந்த ஃபோர்ம் ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் இங்கிலீஷ். நேர்ஸ் நல்ல பிள்ளை, "அக்கா, நீங்களே கேட்டு நிரப்புங்கோ" எண்டு சிங்களத்தில சொல்லிட்டு அடுத்த ஆளிட்டப் போயிட்டா. வாங்கில சுத்திவர இருபது பேர். நான் அப்பாட காதுக்குள்ள, "சலம் போன பிறகு முழுசாப் போகாத மாதிரி இருக்கா?" "இல்ல." "அடக்க ஏலாம அவசரமா ஓட வேண்டி இருக்கா?" "சீ, இல்ல." "இரவில எத்தனை தரம் எழும்புறீங்கள்?" அப்பா முன்னால இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒருக்கா." கூட்டினன், ஆறு. லேசு.

திரும்பி வரேக்க த்ரீவீலில, பம்பலப்பிட்டி கிட்ட சிக்னலில நிக்கேக்க, அப்பா வெளியில பார்த்துக்கொண்டே சொன்னார், "நாலு அஞ்சு தரம் எழும்புறன். உன்னட்ட எப்பிடிச் சொல்லுறது."

நான் பத்து வருசத்துக்கு மேல இப்பிடியான நம்பர்களை எக்ஸெல்லில போட்டுக்கொண்டு இருக்கிற ஆள். அந்த ஆறு எண்டுற நம்பர் அப்பாட ஃபைலில இருக்கு, அது பொய். ஆர்ட பிழை? அப்பாட வெக்கம், என்ட குரல், தமிழில இல்லாத ஃபோர்ம், மறைப்பில்லாத வாங்கு. அடுத்த கிளினிக்கில டொக்டரிட்டத் தனியாக் கதைக்க விட்டன், மருந்தை மாத்தினார், அது வேற.

மருந்தைச் சோதிக்கிறதை விட்டா, கல்வி சம்பந்தமான ஆராய்ச்சி எண்டு இன்னொரு பக்கமும் இருக்கு, அது இந்த இடத்தில தான் வருது. நோயாளிக்கு என்ன விளங்குது, எப்பிடிக் கேட்டா விளங்கும் எண்டதும் ஆராய்ச்சி தான். தென்னாபிரிக்காவில அதே புள்ளிமுறைக்கு எழுத்தில்லாத ஒரு வடிவம் செஞ்சவை, 2011இல வெளியிட்டது. படம் மட்டும். சலம் எவ்வளவு வேகமாப் போகுது எண்டதுக்கு, ஒரு ஆள் நிண்டு போற மாதிரிப் படங்கள், ஒண்டில வில்லு மாதிரித் தூரத்துக்கு, கடைசியில சொட்டுச் சொட்டாக் காலடியில. விரலை வச்சுக் காட்டினாக் காணும். எழுத்து ஃபோர்மோட ஒத்துப் பார்த்தா புள்ளிகள் நல்லாப் பொருந்தினது, படிப்புக் குறைஞ்ச ஆக்களும் ஒருத்தரின்ட உதவி பெரிசா இல்லாமலே நிரப்பினவை. அப்பா நல்லாப் படிச்ச மனுசன் தான், ஆனாலும் அந்தப் படத்தில தானா விரலை வச்சிருப்பார் எண்டு நினைக்கிறன், நான் வாயைத் திறக்கத் தேவை வந்திருக்காது.

சொல்லுற விதம் முடிவையே மாத்தும் எண்டதுக்கு இன்னொரு ஆராய்ச்சி இருக்கு, இத்தாலியில 2007இல வந்தது. ஃபினாஸ்டெரைட் எண்ட புரொஸ்டேட் மருந்து, 120 பேர். பாதிப் பேருக்குத் தாம்பத்தியத்தில பக்க விளைவு வரலாம் எண்டு சொல்லிக் குடுத்தவை, மற்றப் பாதிக்கு அதைச் சொல்லேல்ல. மருந்து ஒண்டு தான். சொன்ன குரூப்பில 43.6 வீதம் பேர் அந்தப் பிரச்சினை வந்தது எண்டினம், சொல்லாத குரூப்பில 15.3. பயமே பக்க விளைவாகுது. மெய்யாச் சொன்னா அந்த ஆராய்ச்சி எனக்குக் கொஞ்சம் உறுத்துறது, நாளைக்கு எங்கட அப்பாவுக்கு அப்பிடி மறைச்சுக் குடுத்தா நான் சண்டைக்குப் போவன். இதுக்குத் தான் எதிக்ஸ் கமிட்டி எண்டு ஒண்டு இருக்கு, ட்ரையலில சேர முதல் விளக்கத் தாள் தந்து கையெழுத்து வாங்குறது, இங்க வழக்கமா மூண்டு பாசையிலயும். விளங்காட்டிக் கேளுங்கோ, சேரமாட்டன் எண்டு சொன்னாலும் உங்கட வழக்கமான சிகிச்சை நிக்கக்கூடாது, இடையில விலகவும் உங்களுக்கு உரிமை இருக்கு.

கல்வி ஆராய்ச்சியின்ட அடுத்த பாதி டொக்டர்மாரைப் படிப்பிக்கிறது. கல்லு தானாப் போகாட்டி, சலவாசலால மெல்லிய கமெரா விட்டு, சலப்பைக்குள்ளால போய், அந்தக் குழாய்க்குள்ள ஏறி லேசரால உடைக்கிறவை. குழாய் சின்ன ஸ்ட்ரோ அளவு தான், கை ஒருக்காப் பிழைச்சாக் கிழியும். புது டொக்டர் ஆரோ ஒருத்தரில தானே முதல்தரம் செய்ய வேணும், அந்த ஆள் நீங்களா இருந்தா? அதால முதல்ல பொம்மையிலயும் கொம்பியூட்டர் சிமுலேட்டரிலயும் பழகினா உண்மையில கை திருந்துதா எண்டு குலுக்கல் போட்டே பார்த்தவை. 2022இல வந்த சிமுலேட் எண்டுற பல நாட்டு ட்ரையல், பயிற்சியில இருந்த 65 பேர், 1,140 ஒப்பரேஷன். தேர்ச்சிக்கு வந்த ஆக்களின்ட எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இல்ல, அதைக் கேட்டா சிமுலேட்டர் வீண் காசு எண்டு தோணும். ஆனா குழாயில காயம் பட்டதை எண்ணினா சிமுலேட்டரில பழகின பக்கம் 3, வழக்கமாப் பழகின பக்கம் 14. திரும்பவும் அதே கதை, எதை எண்ணினவை.

நொரிஸ் கெனல் ரோட்டில இருக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில படிச்சுத் தான் எங்கட நாட்டு ஸ்பெஷலிஸ்ட்மார் வருகினம். ஆர் எத்தனை செஞ்ச பிறகு தனியச் செய்யலாம் எண்ட கேள்வி அவைக்குப் பாடத்திட்டப் பிரச்சினை, எங்களுக்கு எங்கட குழாய்ப் பிரச்சினை.

மாமா இன்னும் பொல்பலா குடிக்கிறார். குடிக்கட்டும், அது பெரும்பகுதி தண்ணி தானே, கிட்னி வருத்தமோ வேற மருந்தோ இருக்கிற ஆக்கள் மட்டும் டொக்டரிட்டக் கேட்டிட்டுக் குடியுங்கோ. கல்லு நோவோட காய்ச்சல் நடுக்கம் வந்தாலோ சலம் அடைச்சாலோ பொல்பலாவும் இல்ல தண்ணியும் இல்ல, நேர ஹொஸ்பிட்டலுக்குப் போங்கோ.

போன ஞாயிறு அவரிட்ட அந்தக் கல்லைக் கேட்டன். லேபில குடுத்தா என்ன வகைக் கல்லு எண்டு சொல்லுவினம், கல்சியமா யூரிக் அசிட்டா எண்டு தெரிஞ்சா என்ன சாப்பாட்டைக் குறைக்கிறது எண்டு டொக்டரால சொல்ல ஏலும், உண்மையில பிரயோசனமான ஒரே டேட்டா அது தான்.

"பிறகு திருப்பித் தருவினமா?"

தூளாக்கித் தான் பார்ப்பினம் எண்டு சொன்னன். மாமா டப்பாவை மூடி அலுமாரிக்குள்ள வச்சிட்டார்.